மாடி ஷெட்டுல வெந்து போன இன்வெர்ட்டர் பேட்டரி: டெர்மினல் பூத்ததுல இருந்து இடம் மாத்தின வரைக்கும்

இந்த வருஷ கத்திரி முடிஞ்ச கையோட ஆசிட்டோட அடர்த்திய, அதாவது கிராவிட்டிய, காட்டற ஹைட்ரோமீட்டர எடுத்துட்டுப் போய் புது இன்வெர்ட்டர் பேட்டரியோட ஆறு செல்லையும் பாத்தேன். எல்லாமே 1.235ல இருந்து 1.240க்குள்ள நிக்குது, பாசிட்டிவ் டெர்மினல்ல பச்சை ஒரு பொட்டு கூட இல்ல, டெர்மினல்ல மேல நீட்டிட்டு இருக்கற ஈயத் தண்டு, அதாவது போஸ்ட்டு, அதோட உயரமும் வாங்கின அன்னிக்கு அளந்து எழுதி வெச்ச அதே அளவு தான். பழைய பேட்டரி இதே வேலூர் வெயில்ல மூணாவது கோடைய தாண்டல. அதனால இப்ப தான் இத எழுதலாம்னு தோணுச்சு, என்ன நடந்துச்சு, எங்கெல்லாம் சுத்தி வந்தோம், எவ்ளோ செலவாச்சுன்னு வரிசையா சொல்றேன்.

முதல்ல செட்டப். 900 விஏ இன்வெர்ட்டர், 12 வோல்ட், 150 ஏஎச் (ஆம்பியர் அவர்) டால் டியூபுலர் பேட்டரி, அதாவது பாசிட்டிவ் பிளேட்டு தகடா இல்லாம டியூபு டியூபா இருக்கற உசரமான வகை. ஆசிட் வாடை வரும்னு அம்மா ஹால்ல வைக்க வேணாம்னு சொல்லிட்டாங்க, அதனால மொட்டை மாடில படிக்கட்டு ஏறி முடியற இடத்துல இருக்கற ஷீட் போட்ட ரூம்ல வெச்சோம். மேல ஆஸ்பெஸ்டாஸ், மேற்கு பக்கம் ஒத்தைக்கல் சுவரு, பேட்டரிய அந்த சுவரோட ஒட்டி பாசிட்டிவ் பக்கம் சுவரப் பாத்த மாதிரி வெச்சிருந்தாரு எலக்ட்ரீசியன். அதே வாரம் அக்காவும் அதே கடைல அதே மாடல் வாங்கினாங்க, காட்பாடில அவங்க வீட்டுல கீழ் தளத்துல மாடிப்படிக்கு அடில இருக்கு, வெயில் படாத இடம். ரெண்டு பேட்டரியும் ஒரே லாட். பின்னாடி இது ரொம்ப உதவுச்சு, ஏன்னா ஒப்பிட்டுப் பாக்க கைல ஒண்ணு இருந்துச்சு.

ரெண்டாவது கோடைலயே பாசிட்டிவ் டெர்மினல் பூக்க ஆரம்பிச்சிடுச்சு. போஸ்ட்ட சுத்தி வெள்ளையா மாவு, கேபிள் முனைல போஸ்ட்டோட மாட்டற லக்கு மேல நீலமும் பச்சையுமா களிம்பு. வெள்ளை ஈய சல்ஃபேட், நீலப்பச்சை லக்குல இருக்கற காப்பர ஆசிட் தின்னதால வர்ற காப்பர் சல்ஃபேட். ஆரம்பத்துல மூணு மணி நேரம் வந்த பேக்கப் ரெண்டு மணியாகி, அடுத்த வருஷம் ஏப்ரல்ல ஒரு மணி நேரத்துக்குள்ள பீப் அடிக்க ஆரம்பிச்சுது. ரெண்டு ஃபேன், நாலு லைட்டு, ஒரு மோடம், அவ்ளோ தான் லோடு.

சரி டெர்மினல் தான் பிரச்சினைன்னு கிளீன் பண்ண இறங்கினேன். இத எப்படி பண்றதுன்னு கொஞ்சம் விளக்கமா சொல்றேன், நிறைய பேரு வெந்நீர மட்டும் ஊத்திட்டு விட்டுடறாங்க. மெயின் ஆஃப், இன்வெர்ட்டர் ஆஃப், அப்புறம் நெகட்டிவ் முதல்ல கழட்டணும், பாசிட்டிவ் ரெண்டாவது. ரூமோட கதவு ஜன்னல் ரெண்டும் அரை மணி நேரம் முன்னாடியே திறந்து வெச்சிடணும், சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும், ஸ்பேனர் தட்டி ஒரு பொறி போதும். ரப்பர் கிளவுஸ், கண்ணாடி கட்டாயம். செல் மூடி எல்லாத்தையும் இறுக்கி மேல டேப் ஒட்டிட்டு, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணில ரெண்டு ஸ்பூன் ஆப்ப சோடா கலந்து பிரஷ்ல தொட்டுத் தொட்டு வெச்சேன், நுரை அடங்கற வரைக்கும் ஆசிட் இருக்குன்னு அர்த்தம். சோடா தண்ணி ஒரு சொட்டு கூட செல்லுக்குள்ள போகக்கூடாது, உள்ள இருக்கற ஆசிட்டையே அது கொன்னுடும். அப்புறம் கம்பி பிரஷ் போட்டு போஸ்ட்டு பளபளன்னு ஈய நிறம் வர்ற வரைக்கும் தேச்சு, நல்ல தண்ணில துடைச்சு, காய வெச்சேன்.

லக்க கழட்டி பாத்தா வெளில தெரிஞ்சத விட மோசம். கேபிளோட இன்சுலேஷன உரிச்சா உள்ள காப்பர் இழை எல்லாம் கறுத்துப் போயிருக்கு, ஆசிட் இழை வழியா உள்ள ஏறியிருக்கு. வெட்டி வெட்டிப் பாத்து நாலு இஞ்சு தாண்டின பிறகு தான் சிவப்பா நல்ல காப்பர் வந்துச்சு. லக்கு மட்டும் மாத்தறவங்க இத கவனிங்க, கறுத்த இழை மேல புது லக்கு போட்டு கிரிம்ப் பண்ணா, அதாவது நசுக்கி இறுக்கினா, காண்டாக்ட் கிடைக்கவே கிடைக்காது. வெள்ளீயம் பூசின புது லக்கு போட்டு, சூடு காட்டினா சுருங்கி உள்ள கம் இளகி ஒட்டிக்கற ஹீட் ஷ்ரிங்க் டியூப் ஏத்தி, மாட்டினேன். வாசலின் போடறது கூட மாட்டி டைட் பண்ணின பிறகு மேல தான் தடவணும். எலக்ட்ரீசியன் அண்ணன் முதல்ல போஸ்ட்டுலயே கிரீஸ் அப்பிட்டு அதுக்கு மேல லக்கு போடச் சொன்னாரு. "அண்ணே, மெட்டலும் மெட்டலும் நேரா ஒட்டட்டும், கிரீஸ் மேல போடுவோம்"னு சொன்னதுக்கு ஒத்துக்கிட்டாரு.

கிளீன் பண்றதுக்கு முன்னாடியும் பின்னாடியும் ஒரு அளவு எடுத்தேன், இது வீட்டுல மல்டிமீட்டர் இருக்கற யாரு வேணா பண்ணலாம். கரண்ட ஆஃப் பண்ணி பேட்டரில லோடு ஓடும்போது, மல்டிமீட்டரோட ஒரு புரோப போஸ்ட்டோட ஈயத்துல குத்தணும், இன்னொண்ண லக்கு மேல. ரெண்டுக்கும் நடுவுல வோல்டேஜே இருக்கக்கூடாது. எனக்கு 0.38 வோல்ட் காட்டுச்சு, கிளாம்ப் மீட்டர்ல 32 ஆம்பியர் ஓடிட்டு இருந்துச்சு. பெருக்கிப் பாத்தா 12 வாட், ஒரு சின்ன சால்டரிங் அயர்ன் அளவுக்கு சூடு அந்த ஒரே ஜாயிண்டுல. சூடானா அரிப்பு வேகமாகும், அரிச்சா ரெசிஸ்டன்ஸ் ஏறும், ஏறினா இன்னும் சூடு. கிளீன் பண்ணினதுக்கு அப்புறம் 0.01 வோல்ட். பேக்கப்பும் ஒரு மணி இருபது நிமிஷம் வந்துச்சு. முடிஞ்சுதுன்னு நினைச்சோம்.

முடியல. மூணு வாரத்துல பாசிட்டிவ் போஸ்ட்ட சுத்தி மறுபடியும் ஈரம், மறுபடி வெள்ளை. நெகட்டிவ் பக்கம் சுத்தமா இருக்கு. இங்க தான் நாங்க வேற பாதைல போயிட்டோம். எலக்ட்ரீசியன் அண்ணன் இன்வெர்ட்டர் ஓவர் சார்ஜ் பண்ணுது, போர்டு போயிடுச்சுன்னாரு. கேக்க சரியா தான் இருந்துச்சு, ஏன்னா தண்ணியும் மாசத்துக்கு ஒரு தடவ குறைஞ்சுது, அக்கா வீட்டுல மூணு மாசத்துக்கு ஒரு தடவ ஊத்தினா போதும். சர்வீஸுக்கு எடுத்துட்டுப் போய் 650 ரூபா கொடுத்து செக் பண்ணா போர்டுல ஒண்ணும் இல்ல, சார்ஜ் ஏத்தற பூஸ்ட் 14.4 வோல்ட், நிரம்பினதுக்கு அப்புறம் புடிச்சு வைக்கற ஃப்ளோட் 13.8, டியூபுலருக்கு என்ன போட்டிருக்கோ அது தான் வருது. வோல்டேஜ் சரியா இருந்துச்சு, ஆனா அந்த வோல்டேஜ் எந்த சூட்டுக்கு சரிங்கற கேள்விய அப்ப யாரும் கேக்கல.

காரைக்குடில இருக்கற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துல, சிக்ரில, படிச்ச நண்பர் ஒருத்தர் இருக்காரு, எலக்ட்ரோகெமிஸ்ட்ரி தான் அவரு படிப்பே. போன்ல விஷயத்த சொன்னதும் அவரு கேட்ட முதல் கேள்வி, "பேட்டரி எத்தன டிகிரில இருக்கு?" தெரியாதுன்னேன். "அத அளந்துட்டு கூப்பிடு"ன்னுட்டு வெச்சிட்டாரு.

1,150 ரூபாய்க்கு தொடாமலே சூடு காட்டற ஒரு ஐஆர் தெர்மாமீட்டர் வாங்கினேன். கொரோனா டைம்ல வாங்கி வெச்ச நெத்தி தெர்மாமீட்டர் இதுக்கு ஆகாது, அது 43 டிகிரி பக்கத்துலயே நின்னுடும். இன்னொண்ணு, ஐஆர பளபளன்னு இருக்கற ஈயத்து மேலயோ லக்கு மேலயோ நேரா காமிச்சா குறைச்சலா பொய்யான நம்பர் காட்டும், மெட்டல் பளபளப்பா இருந்தா அதுல இருந்து வர்ற வெப்பக் கதிர் கம்மி. கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி அது மேல காமிக்கணும். மே மாசம் மதியம் மூணு மணிக்கு ஷெட்டுக்குள்ள காத்து 44, மேற்கு சுவரு 51, பேட்டரி பாடி சுவரப் பாத்த பக்கம் 48, உள்பக்கம் 45. செல்லுக்குள்ள கண்ணாடி தெர்மாமீட்டர விட்டுப் பாத்தா ஆசிட் 46.

ராத்திரி அளந்தது தான் என்னை அதிகமா உலுக்குச்சு. எட்டு மணிக்கு காத்து 35க்கு இறங்கிடுச்சு, ஆனா பேட்டரி 42லயே நிக்குது. கிட்டத்தட்ட 60 கிலோ ஈயமும் ஆசிட்டும், அது சட்டுன்னு ஆறாது. விடியக்காலைல போய் பாத்தா கூட 37, ஆறி முடியறதுக்குள்ள அடுத்த நாள் வெயில் வந்துடுது. சாயங்காலம் கரண்ட் போய் வந்தா சார்ஜிங் சூடு வேற அதுக்கு மேல சேருது. அதே நாள் அக்கா வீட்டுல மாமாவ அளக்கச் சொன்னேன், அங்க மதியம் பேட்டரி 34. அப்ப ரெண்டுக்கும் நடுவுல 12 டிகிரி.

நம்பர சொன்னதும் நண்பர் விளக்கினது இது தான். நம்ம ஊர் பேட்டரில எழுதியிருக்கற கிராவிட்டி, ஆயுசு எல்லாமே 27 டிகிரிய வெச்சு. லெட் ஆசிட்ல எட்டுல இருந்து பத்து டிகிரி ஏறினா ஆயுசு பாதின்னு ஒரு பொதுவான கணக்கு இருக்கு. ஏன்னா பாசிட்டிவ் பிளேட்டுக்குள்ள இருக்கற ஈயக் கம்பி எப்பவுமே கொஞ்சம் கொஞ்சமா அரிச்சு ஈய டைஆக்ஸைடா மாறிட்டே தான் இருக்கும், நிறுத்தவே முடியாது, சூடு அந்த வேகத்த கூட்டும். 1859ல கேஸ்டன் பிளாண்டே முதல் லெட் ஆசிட் செல் பண்ணப்பவே ஈயத் தகட்டுக்கு கரண்ட் விட்டு விட்டு அத அரிக்க வெச்சு தான் பிளேட்டாவே ஆக்கினாரு, அதனால இந்த அரிப்பு வெளில இருந்து வந்த நோய் இல்ல, பேட்டரியோட பொறப்புலயே இருக்கறது. எவ்ளோ வேகமா நடக்குதுங்கறது தான் நம்ம கைல இருக்கு. "டெர்மினல் பூக்கறத விடு, பாசிட்டிவ் போஸ்ட்டு மேல தூக்கியிருக்கான்னு ஸ்கேல் வெச்சு பாரு"ன்னாரு.

பாத்தேன். ஸ்டீல் ஸ்கேல மூடிக்கு குறுக்கா வெச்சு வெர்னியர் காலிப்பர்ல அளந்தா பாசிட்டிவ் போஸ்ட்டு நெகட்டிவ விட 5 மில்லிமீட்டர் உசரமா நிக்குது. அக்கா வீட்டு பேட்டரில வித்தியாசம் 1 மில்லிமீட்டர் கூட இல்ல. போஸ்ட்ட சுத்தி இருக்கற பிளாஸ்டிக்ல டார்ச் அடிச்சுப் பாத்தா முடி அளவுக்கு விரிசல், அதுல இருந்து தான் ஆசிட் ஏறி ஏறி வருது. ஈயம் டைஆக்ஸைடா மாறும்போது கிட்டத்தட்ட 40 சதவீதம் இடம் கூட கேக்கும், உள்ள பிளேட்டு நீண்டுக்கிட்டே போகும், கீழ முட்டு இருக்கு, அதனால மேல தள்ளும், போஸ்ட்டு தூக்கும், சீல் விரியும். நான் வாரா வாரம் சோடா போட்டு தேச்சது எல்லாம் வெளில வந்து சேர்ந்தத தொடச்சது மட்டும் தான், நோய் உள்ள பிளேட்டுல.

அப்புறம் கிராவிட்டி. சூட்டுல ஆசிட் விரிஞ்சு ரீடிங் குறைச்சலா காட்டும், அதனால 27க்கு மேல ஒவ்வொரு டிகிரிக்கும் 0.0007 சேக்கணும். 46 டிகிரில 19 டிகிரி அதிகம், 0.013 வருது. அஞ்சு செல் 1.210ல இருந்து 1.220 வரைக்கும் காட்டுச்சு, சேத்தா 1.223ல இருந்து 1.233, சுமார் தான். சுவரோரம் இருந்த பாசிட்டிவ் கடைசி செல் 1.140. சேத்தாலும் 1.153. ராத்திரி பூரா சார்ஜ் போட்டும் ஏறல. அந்த செல் முடிஞ்சுதுன்னு அப்பவே தெரிஞ்சிடுச்சு. தண்ணிய பத்தி ஒரு வார்த்தை இங்கயே சொல்லிடறேன், எங்க பக்கம் நிறைய வீட்டுல ஆர்ஓ தண்ணிய பேட்டரிக்கு ஊத்தறாங்க. பாலாத்துப் படுகை போர் தண்ணில உப்பு எவ்ளோன்னு எல்லாருக்கும் தெரியும், ஆர்ஓல போட்டாலும் குளோரைடு முழுசா போகாது, அந்த குளோரைடு ஈயத்த அரிக்கற வேலைய இன்னும் வேகமாக்கும். தயவு செஞ்சு டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்க, 5 லிட்டர் கேன் 100, 120 ரூபா தான். கோடைல தண்ணி சீக்கிரம் குறையறப்ப தான் அவசரத்துக்கு கண்டதையும் ஊத்தத் தோணும், அதனால மார்ச்சுலயே ஒரு கேன் வாங்கி வெச்சிடறது நல்லது.

பழசு ஸ்கிராப் தான்னு முடிவானதும், பேட்டரி கடை பாய் கிட்ட ஒரு உதவி கேட்டேன், உள்ள எப்படி இருக்குன்னு பாக்கணும்னு. அவரு சர்வீஸும் பண்றவரு. "தம்பி, எடைய போட்டு எழுதிக்கறேன், அப்புறம் திறந்து காட்றேன், கிட்ட வராம தள்ளி நில்லு"ன்னாரு. கடைக்குப் பின்னாடி திறந்த வெளில ஆசிட்ட பிளாஸ்டிக் பேரல்ல வடிச்சு, மூடிய சுத்தி அறுத்து, சுவரோரம் இருந்த செல்ல மட்டும் இடுக்கில புடிச்சு தூக்கினாரு. இத வீட்டுல யாரும் பண்ணாதீங்க, ஈயத் தூசி குழந்தைங்க இருக்கற இடத்துல படவே கூடாது, அந்த ஆசிட்ட சாக்கடைல ஊத்தறதும் பெரிய பாவம்.

டியூபுலர்ல பாசிட்டிவ் பிளேட்டுன்னா வரிசையா ஈயக் கம்பி, ஒவ்வொரு கம்பி மேலயும் பாலியெஸ்டர் துணியில டியூபு, ரெண்டுக்கும் நடுவுல பிரவுன் பவுடர். அந்த செல்லுல பாதி டியூபு கிழிஞ்சு பவுடர் கீழ சேறா படிஞ்சு கிடக்கு. பாய் ஒரு கம்பிய ரெண்டு விரலால மடக்கினாரு, நமுத்துப் போகாத முறுக்கு மாதிரி படக்குன்னு உடைஞ்சுது. ஈயம் அப்படி உடையாது, வளையும். உடைஞ்ச இடத்துல பாத்தா வெளில சுத்தி கறும்பிரவுன் ஓடு, நடுவுல தான் கொஞ்சம் ஈயம். கடைல இருந்த புது கம்பிய வெர்னியர்ல அளந்தேன், 3.1 மில்லிமீட்டர். இதுல ஓட்ட சுரண்டிட்டு அளந்தா 1.2ல இருந்து 1.5. மேல தலைப்பக்கம் குறுக்குக் கட்டையோட சேர்ற இடத்துல ரெண்டு மூணு கம்பி அத்தே போயிருக்கு. கரண்ட் போற வழி அது தான், அந்த கம்பி அந்துட்டா அதச் சுத்தி இருக்கற பவுடர் நல்லா இருந்தாலும் பிரயோஜனம் இல்ல.

அடுத்து நடுவுல இருந்த ஒரு செல்லயும் தூக்கச் சொன்னேன். அங்க கம்பி 1.9ல இருந்து 2.2, டியூபு கிழியல. ஒரே பெட்டிக்குள்ள, ஒரே சார்ஜர்ல, ஒரே ஆசிட்ல, சுவரோரம் 3 டிகிரி கூட இருந்த செல்லுல கம்பி இன்னும் அதிகமா கரைஞ்சிருக்கு. ரெண்டே செல்ல வெச்சு சட்டம் எழுத முடியாது, அந்த செல்லு வேற காரணத்தாலயும் பலவீனமா இருந்திருக்கலாம், ஆனா தெர்மாமீட்டர் சொன்னதும் வெர்னியர் சொன்னதும் ஒரே பக்கம் தான் கைய காட்டுது. நெகட்டிவ் பிளேட்டு ரெண்டு செல்லுலயும் சாம்பல் நிறத்துல மெத்துன்னு நல்லாவே இருந்துச்சு. பாய் சொன்னாரு, ஏப்ரல்ல இருந்து ஜூன் வரைக்கும் வர்ற பேட்டரில மாடில வெச்சிருந்தது தான் அதிகம், கடை வெச்ச காலத்துல இருந்தே இப்படித் தான்னு.

ஆக இடம் மாத்தணும். முதல்ல வந்த யோசனை இன்வெர்ட்டர மேலயே விட்டுட்டு பேட்டரிய மட்டும் கீழ இறக்கி கேபிள் நீட்டிக்கலாம்னு. கணக்கு போட்டுப் பாத்தேன், ஒரு பக்கம் 8 மீட்டர், போக வர 16 மீட்டர், 25 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) காப்பர் கேபிள் போட்டாலும் 40 ஆம்பியர்ல 0.45 வோல்ட் வழிலயே போயிடும். 12 வோல்ட்டுல அது பெரிய விஷயம், இன்வெர்ட்டர் பேட்டரி தீரறதுக்கு முன்னாடியே லோ பேட்டரின்னு நிறுத்திடும். அதனால இன்வெர்ட்டரையும் சேத்து கீழ இறக்கி, 230 வோல்ட் வயர மட்டும் பைப்புல மேல இருக்கற போர்டு வரைக்கும் எடுத்துட்டுப் போனோம், அதுல ஆம்பியர் கம்மி, இழப்பு கம்மி. இடம், படிக்கட்டுக்கு அடில வடக்குப் பாத்த மூலை. பின்னாடி கிரில் வெச்ச ஜன்னல் இருக்கு, ஹைட்ரஜன் வெளில போகணுமே, அதனால கதவு போட்டு மூடற அலமாரிக்குள்ள வைக்கல. கேஸ் சிலிண்டர் பக்கம் வேணவே வேணாம். டிராலில வெச்சு சுவருல இருந்து ஒரு ஜாண் தள்ளி நிறுத்தினேன், நாலு பக்கமும் காத்து போகுது. இன்வெர்ட்டரோட சூடான காத்து பேட்டரி மேல படாத மாதிரி அத பக்கத்துல தனியா ஸ்டேண்டுல வெச்சாச்சு, நிறைய வீட்டுல டிராலில பேட்டரி மேலயே இன்வெர்ட்டர் உக்காந்திருக்கும், ஒரு விதத்துல அது பேட்டரிக்கு மேல ஹீட்டர் வெச்ச கதை தான், தவிர ஆசிட் ஆவி இன்வெர்ட்டர் போர்டையும் அரிக்கும்.

அடுத்தது சார்ஜிங் வோல்டேஜ், இது தான் இலவசமா கிடைக்கற மருந்து. சூடு ஏற ஏற சார்ஜ் வோல்டேஜ குறைக்கணும், செல்லுக்கு ஒரு டிகிரிக்கு 3ல இருந்து 5 மில்லிவோல்ட். ஆறு செல்லுக்கு நடுவா 24 மில்லிவோல்ட்னு வெச்சுக்குங்க. பழைய ஷெட்டுல 19 டிகிரி அதிகம், அப்ப 13.8க்கு பதிலா 13.35 பக்கம் தான் ஃப்ளோட் இருந்திருக்கணும். என் இன்வெர்ட்டர்ல டெம்பரேச்சர் சென்சார் கிடையாது, அது பாட்டுக்கு மூணு கோடையும் 13.8லயே புடிச்சு வெச்சிருந்திருக்கு, சூடு ஒரு பக்கம் கூடுதல் வோல்டேஜ் ஒரு பக்கம்னு கம்பிய ரெண்டும் சேந்து தின்னிருக்கு. பின்பக்கம் பேட்டரி டைப் மாத்தற சுவிட்சு இருக்கு, அத ஃப்ளாட் பிளேட்டுக்கு மாத்தி மல்டிமீட்டர்ல பாத்தா எனக்கு பூஸ்ட் 14.0, ஃப்ளோட் 13.5 வந்துச்சு. ஏப்ரல்ல இருந்து ஜூலை வரைக்கும் இதுல ஓட்டறேன், மாசத்துக்கு ஒரு ராத்திரி மட்டும் டியூபுலருக்கு மாத்தி முழுசா நிரப்பிட்டு கிராவிட்டி பாக்கறேன், அப்புறம் ஆகஸ்ட்ல இருந்து டியூபுலரே. கம்பெனிக்கு கம்பெனி நம்பர் மாறும், அதனால சுவிட்ச மாத்தறதுக்கு முன்னாடி உங்க வீட்டுல அளந்துக்குங்க. குறைக்கறது நல்லதுன்னு ரொம்பவும் குறைச்சுடாதீங்க, பேட்டரி முழுசா நிரம்பாம நின்னா நெகட்டிவ் பிளேட்டு சல்ஃபேட் கட்டிக்கும், பாசிட்டிவ் கம்பிக்கும் அது நல்லதில்லன்னு நண்பர் கண்டிப்பா சொன்னாரு.

செலவு. புது பேட்டரி 17,200, பழசுக்கு எடை போட்டு 4,300 கழிச்சாரு, கைல இருந்து போனது 12,900. எலக்ட்ரீசியன், பைப்பு, வயர் எல்லாம் சேத்து 3,400. 25 ஸ்கொயர் கேபிள் 3 மீட்டர் 960, பழசு 16 ஸ்கொயர் தான். லக்கு நாலு 180, ஹீட் ஷ்ரிங்க் 80, டிராலி 900, ஹைட்ரோமீட்டர் 180, ஐஆர் தெர்மாமீட்டர் 1,150. பேட்டரிய விட்டுட்டு பாத்தா 6,850 ரூபா. அதோட வீணா போன அந்த 650. பழைய பேட்டரிய கண்ட ஆக்கர் கடைல போட வேணாம், 2022ல வந்த பேட்டரி கழிவு விதிப்படி இத முறையா திரும்ப எடுத்துக்க வேண்டிய பொறுப்பு தயாரிக்கறவங்களுக்கு இருக்கு, டீலர் கிட்டயே குடுத்து பில்லுல கழிச்சுக்குங்க.

லித்தியம் வாங்கியிருந்தா இந்தத் தொல்லையே இல்லையேன்னு மாமா கேட்டாரு. ஈயக் கம்பி கிடையாது, உண்மை. ஆனா அதுக்குள்ளயும் மெட்டல் இருக்கு, பாசிட்டிவ்ல அலுமினியத் தகடு, நெகட்டிவ்ல காப்பர் தகடு. எலக்ட்ரோலைட்ல இருக்கற உப்பு துளி ஈரம் பட்டாலும் ஹைட்ரோஃபுளோரிக் ஆசிட்ட உண்டாக்கும், சூடு அத வேகப்படுத்தும், ரொம்ப டிஸ்சார்ஜ் ஆகி அடில போயிட்டா காப்பரே கரைய ஆரம்பிக்கும். பேட்டரிய கண்காணிக்கற பிஎம்எஸ் சர்க்யூட் இருக்கறதால அடி வரைக்கும் போக விடாது, அது பெரிய பாதுகாப்பு. ஆனா 46 டிகிரி ஷெட்டுல எந்த பேட்டரியும் நல்லா வாழாது, அதனால லித்தியத்துக்கு மாறினாலும் நான் மாடில வைக்க மாட்டேன்.

அடுத்த தடவ மாத்திப் பண்ணப் போறது ரெண்டு விஷயம். ஒண்ணு, வாங்கின அன்னிக்கே போஸ்ட்டு உயரம், ஆறு செல்லோட கிராவிட்டி, பாடி சூடு மூணையும் ஒரு ஸ்டிக்கர்ல எழுதி பேட்டரி மேலயே ஒட்டிடறது, புதுசுக்கு ஒட்டியாச்சு. போஸ்ட்டு 2 மில்லிமீட்டர் தூக்கினா தேச்சுட்டு இருக்காம மாத்த பணம் சேக்க ஆரம்பிச்சிடலாம். இன்னொண்ணு, அடுத்து இன்வெர்ட்டர் வாங்கும்போது பேட்டரி மேல ஒட்டற டெம்பரேச்சர் சென்சார் இருக்கானு கேட்டு வாங்கறது, சுவிட்ச கையால மாத்தறத எனக்கு அப்புறம் வீட்டுல யாரு ஞாபகம் வெச்சுக்குவாங்க.

இந்த மே மாசம் புது இடத்துல மதியம் அதிகபட்சமா 35 போச்சு, ராத்திரி 32. தண்ணி இந்த கோடை முழுக்க ஒரே ஒரு தடவ தான் ஊத்தினேன். அக்கா வீட்டு பேட்டரி இன்னும் ரெண்டரை மணி நேரம் வருது, கிராவிட்டியும் 1.230க்கு மேல இருக்கு, ஆனா போன வாரம் மாமா அனுப்பின போட்டோல லக்கு மேல லேசா பச்சை தெரியுது. போஸ்ட்ட அளக்கச் சொல்லியிருக்கேன், உயரம் மாறலன்னா அது வெறும் லக்கு வேலை தான், 25 ஸ்கொயர் கேபிளும் ரெண்டு லக்கும் வாங்கிட்டு ஞாயித்துக்கிழமை போய் மாத்திடுவேன்.